ஓராண்டு வாசிப்பும் ஒரு கரையின் நூல்களும்

ஓர் ஆண்டில் வாசித்த நூல்களை ஆண்டிறுதியில் மீட்டுப் பார்த்து, அவற்றுள் மனத்துக்கு நெருக்கமானவை எவை, பாதியில் கைவிடப்பட்டவை எவை, தேடியும் கிடைக்காதவை எவை என்று வகுத்து எழுதிவைக்கும் வழக்கம் தமிழ் வாசகரிடையே பலகாலமாக இருந்துவருகின்றது. இவ்வுரை அதனை ‘வாசிப்புக் கணக்கு’ என்ற பெயரால் சுட்டும். திறனாய்வு ஒரு நூலைத் தனக்கென அமைந்த அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிடுகின்றது. நூல்விவரப் பட்டியல் வெளியான நூல்கள் அனைத்தையும் விருப்பு வெறுப்பின்றிப் பதிவுசெய்கின்றது. வாசிப்புக் கணக்கு இவ்விரண்டுக்கும் இடையே நின்று, ஒரு மனிதரால் ஒரு குறித்த காலத்தில் ஒரு குறித்த ஊரில் இருந்துகொண்டு எவற்றை வாசிக்க முடிந்தது என்பதற்குச் சாட்சி கூறுகின்றது. க.நா. சுப்ரமண்யம் தாம் விரும்பிய தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிய ‘படித்திருக்கிறீர்களா?’ இவ்வகை எழுத்துக்குத் தமிழில் நன்கு அறியப்பட்ட முன்மாதிரி. அந்நூலின் பெயரே ஒரு கேள்வியாக அமைந்திருப்பதால், விருப்பத்தைச் சொல்லும் வாசகர் அடுத்த வாசகரை நோக்கிப் பேசுகிறார் என்பதும் அதில் வெளிப்படையாகிறது.

இலங்கையின் தென்கிழக்குக் கரையில், ஒலுவில் துறைமுகத்துக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அண்மையில் இருந்து எழுதப்படும் வாசிப்புக் கணக்குக்கு வேறொரு பொறுப்பும் சேர்கின்றது என்பதே இவ்வுரையின் மையக் கருத்து. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒன்றையொன்று தொட்டு நீளும் இவ்வூர்களில் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் தோன்றிய இலக்கியம் அளவிலும் தரத்திலும் பெரியது. எனினும் அந்நூல்களுட் பல சிறிய எண்ணிக்கையில் அச்சாகி, எழுத்தாளரின் நண்பர்கள் கையில் பரவி, மறுபதிப்பின்றி மறைந்தன. பெருநகரத்தில் ஒரு வாசகரின் விருப்பப் பட்டியல் கடையில் கிடைக்கும் நூல்களுள் ஒரு தெரிவாக அமையும். இக்கரையிலோ அத்தகைய பட்டியல், ஒரு நூல் இருந்தது என்பதற்கும் அதனை ஒருவர் விரும்பி வாசித்தார் என்பதற்கும் எஞ்சும் சான்றாகவே மாறிவிடக்கூடும். ஆகவே இங்கு வாசிப்புக் கணக்கைத் தனிமனிதரின் சுவை சார்ந்த சிறு பொழுதுபோக்காக ஒதுக்கிவிட முடியாது.

இவ்வுரைக்கு அடிப்படையான ஓராண்டு வாசிப்பு சனவரியில் தொடங்கவில்லை, பெரும்போகத்தோடு தொடங்கியது. பெரும்போகம் என்பது வடகீழ்ப் பருவமழையை நம்பி ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விதைத்து, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை செய்யும் முதன்மை நெற்செய்கைக் காலம். இலங்கையில் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகவும் கொண்டாடப்படுவதால், பிரதேச சபை நூலகங்களில் கண்காட்சிகளும் போட்டிகளும் நடைபெறும் அதே வாரங்களில் வயல்களில் விதைப்பும் நடந்துகொண்டிருக்கும். இந்த ஒருமிப்பு தற்செயலானது. ஆயினும் இக்கரையின் சிறந்த நூல்களுட் சில வயலிலிருந்து பிறந்தவை என்பதால், அவற்றை வாசிக்கத் தொடங்க அதனினும் பொருத்தமான காலம் வேறில்லை.

முதலில் எடுக்கப்பட்ட நூல் நீலாவணனின் ‘வேளாண்மை’. கே. சின்னத்துரை என்ற இயற்பெயருடைய நீலாவணன் 1931 இல் பெரியநீலாவணையில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, 1975 இல் நாற்பத்து நான்கு வயதுக்குள் மறைந்தவர். அவர் மறைந்த மறு ஆண்டில் ‘வழி’ என்ற கவிதைத் தொகுதியும், 1982 இல் ‘வேளாண்மை’யும் நூலாக வெளிவந்தன. தொடர்ந்து எழுதி நிறைவுசெய்ய அவருக்கு ஆயுள் இடங்கொடாத அக்காவியம், கிழக்கின் உழவர் வாழ்வை அதன் பேச்சோடும் சடங்கோடும் உணவோடும் உறவுமுறையோடும் செய்யுளில் வார்த்திருக்கின்றது. போடியார் எனப்படும் நிலவுடைமையாளர், வயலிலேயே தங்கிச் செய்கையைப் பார்க்கும் முல்லைக்காரர், வட்டை எனப்படும் பெரும் வயற்பரப்பு, அதற்கு நீர்ப்பங்கீடு முதலியவற்றைக் கவனிக்கும் வட்டை விதானை, அறுத்த கதிர்க்கட்டுகளைக் குவித்த சூடு, அது மிதிபடும் களவெட்டி என்பனவாகிய உலகம் இன்று பெரிதும் மாறிவிட்டது. அறுவடை இயந்திரம் வந்தபின் சூடு வைக்கும் தேவையே அற்றுப்போனது. அதனால் ‘வேளாண்மை’ போன்ற நூலை வாசிக்கும் இளையவர், தம் பாட்டனார் புழங்கிய உலகத்துக்குள் அகராதி கொண்டு நுழைய வேண்டியவராகிறார். அந்த உழைப்புக்கு நூல் மிகுந்த பலன் தருகின்றது. இவ்வாண்டு வாசிப்பில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், தயக்கமின்றி இம்முற்றுப்பெறாத காவியத்தையே சொல்ல வேண்டும். தமிழ்க் காவிய மரபு அரசரையும் அடியாரையும் பாடிப் பழகியது. அதே மரபின் யாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, களவெட்டியில் வியர்க்கும் மனிதரை அவர் பேச்சு கெடாமல் பாடுவது எளிய காரியம் அன்று.

‘வேளாண்மை’யைச் சரியாக வாசிக்கத் துணை நிற்கும் நூல்கள் இரண்டு. பண்டிதர் வி.சீ. கந்தையா எழுதி 1964 இல் வெளியான ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஒன்று, எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’ மற்றொன்று. முன்னது நாட்டுப்பாடல், கூத்து, வழிபாடு, பேச்சு வழக்கு ஆகியவற்றைத் திரட்டித் தருகின்றது. பின்னது இப்பகுதியின் பழைய வரலாறு பற்றி ஏட்டில் வழங்கிய செய்திகளை அச்சேற்றியது. நூற்பெயர்களில் மட்டக்களப்பு என்றிருப்பதைக் கண்டு கல்முனை, அக்கரைப்பற்று வாசகர் இவற்றைப் பிற ஊர் நூல்கள் என்று ஒதுக்குதல் தவறு. இவ்வூர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் இக்கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. நூலகத்தில் தேடும் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

மழை வலுத்து வீதிகளில் வெள்ளம் ஏறும் மார்கழியில் வாசிக்கப்பட்டவை கல்முனை வாசகர் சங்கத்தின் வெளியீடுகள். இவ்வுரை சற்று நீண்டு தங்க விரும்பும் இடம் இதுவே. பதிப்பகம் என்றால் முதலீடும் கடையும் விநியோகமும் கொண்ட வணிக நிறுவனம் என்ற எண்ணமே பொதுவாக உள்ளது. வாசகர் சங்கம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. கல்முனையைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமானும் அவரோடு ஒத்த ஆர்வமுடையோரும் முன்னின்று, தாம் வாசிக்க விரும்பிய தரமான நூல்கள் அச்சில் வரவேண்டும் என்ற ஒரே நோக்கோடு நடத்திய முயற்சி அது. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த மஹாகவி து. உருத்திரமூர்த்தியின் ‘கோடை’ 1970 இலும், ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ 1971 இலும் கல்முனையிலிருந்து வெளிவந்தன. முன்னது நாதசுரக் கலைஞர் குடும்பம் ஒன்றைச் சுற்றி அமைந்த பா நாடகம். பின்னது புகழும் வீரமும் இல்லாத ஒருவனின் வாழ்வைப் பாட்டுடைப் பொருளாக ஏற்ற நெடும்பா. வடக்கின் தலைசிறந்த கவிஞர் ஒருவரின் படைப்புகளைக் கிழக்கின் முஸ்லிம் ஊர் ஒன்றைச் சேர்ந்த வாசகர்கள் தம் கைப்பணம் போட்டு அச்சிட்டார்கள் என்ற செய்தியை இன்றைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். பின்னாளில் ஊருக்கும் ஊருக்கும், சமூகத்துக்கும் சமூகத்துக்கும் இடையே எழுந்த சுவர்களைக் கண்டு, அவை என்றும் இருந்தவை என்று நம்புவோருக்கு, நல்ல கவிதை எங்கிருந்து வந்தாலும் அது தம்முடையது என்று கருதிய இவ்வாசகர்களின் செயல் மறுமொழியாக நிற்கின்றது.

நுஃமானின் நெடுங்கவிதைகள் அடங்கிய ‘தாத்தாமாரும் பேரர்களும்’ 1977 இல் இதே வெளியீடாக வந்தது. 1979 இல் வந்த ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ மௌ. சித்திரலேகா, சி. மௌனகுரு, எம்.ஏ. நுஃமான் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது. ஈழத்து நவீன இலக்கியத்தைக் காலவாரியாகவும் வகைவாரியாகவும் அறிந்துகொள்ள விரும்பும் மாணவருக்கு அளவிற் சிறிய அந்நூலே இன்றும் முதல் வாயில். 1981 இல் ‘பாலஸ்தீனக் கவிதைகள்’ வெளிவந்தது. மஹ்மூத் தர்வீஷ் உள்ளிட்ட அரபுக் கவிஞர்களை நுஃமான் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொணர்ந்த தொகுப்பு அது. தர்வீஷின் பெயர் உலக இலக்கிய மேடைகளில் இன்றுபோல் பரவியிராத காலத்தில், கல்முனையில் அவர் கவிதை தமிழில் கிடைத்தது. இலங்கையின் இனப்போர் முழுவீச்சில் வெடிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன் வந்த அத்தொகுப்பு, நிலத்தையும் வீட்டையும் இழந்தோரின் மொழி எத்தகையது என்பதைத் தமிழ் வாசகருக்கு முன்கூட்டியே பழக்கியது. பின்னர் வந்த ஈழத்துப் போர்க்காலக் கவிதைகளை அத்தொகுப்போடு சேர்த்து வாசிப்பவர், இரண்டுக்கும் இடையிலான உறவைத் தாமே கண்டுகொள்வர். இவ்வாண்டு அவ்வாறு சேர்த்து வாசித்தது பயனுடையதாயிற்று.

‘பாலஸ்தீனக் கவிதைகள்’ வெளிவந்த அதே 1981 இல், யூன் முதலாம் நாள், யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்களோடும் பல ஏட்டுச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டுச் சாம்பலாகியது. அவ்வெரிப்பைப் பற்றிய கவிதைகளுள் பெரும் புகழ் பெற்ற ‘புத்தரின் படுகொலை’யை எழுதியவரும் இதே நுஃமான். கௌதமரே அந்நூலகப் படிகளில் சுடப்பட்டதாகவும் நூல்களோடு எரிக்கப்பட்டதாகவும் கற்பனை செய்யும் அக்கவிதை, குற்றஞ்சாட்டும் குரலை உயர்த்தாமலே குற்றத்தின் முழு அளவையும் காட்டிவிடுகின்றது. கல்முனையில் வாசகர் சங்கத்தை நடத்திய ஒருவரிடமிருந்து அக்கவிதை வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு: ஒரு நூலை அச்சிட எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அறிந்தவருக்கே நூலகம் எரிவதன் பொருள் முழுமையாக விளங்கும்.

நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்து 1984 இல் சென்னை க்ரியா வெளியிட்ட ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ இதற்கு அடுத்து வாசிக்கப்பட்டது. அதன் பதினொருவருள் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவர் பெரியநீலாவணை, பாண்டிருப்பு, கல்முனை என்ற அருகருகேயுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். சில கிலோமீற்றர் நீளமே கொண்ட ஒரு வீதியோரம் அது. சண்முகம் சிவலிங்கத்தின் ‘நீர் வளையங்கள்’ 1988 இல் வந்தது. அவர் கவிதை விரைவாக வாசிப்போருக்கு இடங்கொடுப்பதன்று. சிந்தனையின் திருப்பங்களோடு நகரும் அதன் நீண்ட அடிகளை வாய்விட்டு வாசித்தால்தான் பொருள் முழுதும் பிடிபடும். 2010 இல் வெளியான அவருடைய பெருந்தொகுதியான ‘சிதைந்து போன தேசமும் தூர்ந்து போன மனக்குகையும்’ பாதியளவே வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்கு அது முதற்கடன்.

அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் போர்க்கால நூல்கள் கைக்கு வந்தன. கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் ‘நானும் ஒரு பூனை’, ‘எட்டாவது நரகம்’, ‘காகம் கலைத்த கனவு’, ‘பாம்பு நரம்பு மனிதன்’ என்ற பெயர்களைப் பார்த்தாலே அவர் உலகம் எத்தகையது என்று ஊகிக்கலாம். பறவையும் விலங்கும் மரமும் மனிதரைப்போல் நடந்து, மனிதர் விலங்கின் அச்சத்தோடு வாழும் உலகம் அது. நேரடியாகச் சொல்ல அஞ்சிய காலத்தில் இவ்வகை உருவகம் பாதுகாப்பாக இருந்தது என்று சிலர் விளக்குவர். அவ்விளக்கம் பாதி உண்மையே. பாதுகாப்பு மட்டுமே நோக்கமாயின் ஆபத்து நீங்கியபின் அக்கவிதைகள் வலுவிழந்திருக்கும். அவை இன்றும் வாசகரைத் திடுக்கிடச் செய்வதற்குக் காரணம், அச்சம் மனிதரின் புலன்களை எவ்வாறு உருமாற்றுகிறது என்பதை அவர் துல்லியமாகக் கண்டதுதான். பாண்டிருப்பின் உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ என்ற சிறுகதையும் உருவகத்தையே கையாள்கின்றது. அதிகாரம் ஓர் ஊருக்குள் நுழையும் விதத்தைச் சொல்ல அதற்குச் சில பக்கங்களே போதுமாயிருந்தன. ஈழத்துச் சிறுகதைகளுள் இவ்வாண்டு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாசிக்கத் தூண்டியது அக்கதையே.

சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆர்.எம். நௌஸாத்தின் இரு நாவல்களை அடுத்தடுத்து வாசிப்பது ஒரு சமூகத்தின் நீண்ட காலத்தை ஒரே மூச்சில் கடப்பதாகும். ‘நட்டுமை’ வயற்காணிகளைச் சார்ந்து வாழ்ந்த பழைய முஸ்லிம் விவசாயச் சமூகத்தைக் காட்டுகின்றது. ‘கொல்வதெழுதுதல் 90’ அதே சமூகம் 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் துப்பாக்கிகளுக்கும் கட்சி அரசியலுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட கதையைச் சொல்கின்றது. பேச்சுவழக்கை உரையாடலுக்குள் மட்டும் அடைக்காமல் கதை சொல்லும் மொழியிலேயே கலந்துவிடுவது நௌஸாத்தின் பலம். வேற்றூர் வாசகருக்குச் சில பக்கங்கள் கடினமாயிருக்கலாம். அதற்காக எழுத்தாளர் தம் மொழியைச் செப்பனிட்டுப் பொதுவாக்கியிருந்தால் நாவலின் உயிர் போயிருக்கும். தமிழரும் முஸ்லிம்களும் எழுதிய போர்க்கால நூல்களைத் தனித்தனி அடுக்குகளில் வைத்து வாசிக்கும் வழக்கம் இன்று வேரூன்றிவிட்டது. பாண்டிருப்பு எழுத்தாளரையும் சாய்ந்தமருது எழுத்தாளரையும் ஒரே வாரத்தில் வாசிப்பவர் மட்டுமே, இரண்டு பக்கங்களிலும் ஒரே இரவில் ஒரே வகை அச்சம் இருந்ததை உணர்வர். இவ்வாண்டு வாசிப்பு தந்த உறுதியான முடிபுகளுள் இது முதன்மையானது.

றமழான் மாதத்தில் இக்கரையின் வாசிப்பு இயல்பாகவே வேறு திசை கொள்கின்றது. திருக்குர்ஆனும் அதன் விளக்கங்களும் வீடுகளில் முதலிடம் பெறுகின்றன. அம்மாதத்தின் ஓய்வுப் பொழுதில் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ வாசிக்கப்பட்டது. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய கண்டிச் சட்டத்தரணி அவர். 1885 இல் வெளியான அந்நூல் ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. எகிப்தைப் பின்புலமாகக் கொண்ட அக்கதை இன்றைய சுவைக்கு மெதுவாக நகர்வதுதான். வரலாற்று மதிப்பு கருதி வாசிக்கத்தக்கது என்ற அளவில் அதனை விட்டு நகரலாம்.

பெண்கள் எழுதியவற்றுள் சாய்ந்தமருதின் அனார் தனியிடம் பெறுகிறார். ‘எனக்குக் கவிதை முகம்’, ‘உடல் பச்சை வானம்’, ‘பெருங்கடல் போடுகிறேன்’ என்ற தொகுதிகளில் அவர் உருவாக்கிய மொழி, அடக்கமாகப் பேசவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து கடலும் காடும் மழையுமாகப் பெருகி வருகின்றது. அவரே திரட்டிய கிழக்கிலங்கை நாட்டார் பாடல்கள் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரில் 2013 இல் நூலாயின. நவீன கவிஞர் ஒருவர் தம் ஊர்ப் பாட்டிமாரின் கவிகளைத் தொகுக்கத் துணிவது, தம் கவிதையின் வேர் எங்கே என்று அவர் அறிந்திருப்பதைக் காட்டும். காதலும் பிரிவும் கேலியும் நிறைந்த அப்பாடல்களில் முஸ்லிம் பெண்களின் குரல் எவ்வளவு துணிவோடு ஒலிக்கின்றது என்பதைக் கண்டபின், அச்சமூகத்துப் பெண்கள் அண்மைக் காலத்தில்தான் பேசத் தொடங்கினர் என்ற கருத்தை எவரும் ஏற்கமாட்டார். அனாரின் மேற்சொன்ன கவிதைத் தொகுதிகளும் நௌஸாத்தின் நாவல்களும் நாகர்கோவிலிலுள்ள காலச்சுவடு பதிப்பகத்தால் வெளியிடப்பட்டவை. இதனால் அவை உலகத் தமிழரைச் சென்றடைந்தன. ஆனால் சாய்ந்தமருது வாசகர் ஒருவர் தம் அயலவரின் நூலை வாங்க, அது கடல் கடந்து வரும்வரை அல்லது செப்டெம்பர் மாதக் கொழும்புப் புத்தகக் கண்காட்சி வரும்வரை காத்திருக்க நேர்கின்றது.

பிறநாட்டு நூல்களுள் ஒன்றை மட்டும் இங்கு குறிப்பிடலாம். மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் மலிவு விலையில் இலங்கையின் சிற்றூர்கள் வரை வந்த காலம் ஒன்றிருந்தது. அவற்றுள் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘அன்னை வயல்’, போரில் கணவனையும் மக்களையும் இழந்த கிர்கீசியத் தாய் ஒருத்தி வயலோடு பேசும் கதை. பெரும்போகத்தில் வாசித்த ‘வேளாண்மை’யை மனத்தில் வைத்துக்கொண்டு இதனை வாசித்தபோது, கடலோர நெல்வயலும் மத்திய ஆசியக் கோதுமை வயலும் ஒரே உழைப்பையும் ஒரே இழப்பையும் அறிந்தவை என்பது தெளிவாயிற்று. அண்மை ஊர் நூலும் தொலைதூர நூலும் ஒன்றையொன்று விளக்குவது ஓராண்டு முழுதும் தொடர்ந்து வாசிப்பவருக்கே கிட்டும் பேறு.

இக்கரையில் பிறந்த பெரும் வாசகர் ஒருவரைக் கூறாமல் இக்கணக்கு நிறைவுறாது. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. 1947 இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘யாழ் நூல்’, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் பழைய உரையையும் பல்லாண்டு காலம் வாசித்து வாசித்து, மறைந்துபோன யாழ் என்னும் இசைக்கருவியின் அமைப்பையும் பண்களின் இலக்கணத்தையும் கணித வழியில் மீட்ட ஆராய்ச்சி. அந்நூல் அரங்கேறிய சில வாரங்களில் அவர் மறைந்தார். ஆண்டுக்கு எத்தனை நூல் என்று எண்ணுவோர், ஒரு நூலின் ஒரு பகுதியையே பல ஆண்டுகள் வாசித்தவரின் பயனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘யாழ் நூல்’ இவ்வாண்டு முழுமையாக விளங்கியது என்று கூறுதற்கில்லை. இசையறிவும் கணித அறிவும் ஒருங்கே வேண்டும் நூல் அது. காரைதீவுக்கும் ஒலுவிலுக்கும் இடையே சில மைல்களே இருக்க, அதனை முறையாகப் பாடம் சொல்லும் ஒரு வாசிப்பு வட்டம் இங்கு அமைவது மிகத் தகும்.

ஒலுவிலைப் பற்றிய வாசிப்பும் இவ்வாண்டில் இடம்பெற்றது. துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் இங்கொரு துறைமுகத்தைக் கனவு கண்டவர். 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறு ஆண்டு முழுப் பல்கலைக்கழகமான நிறுவனத்துக்கும் அவரே காரணர். ‘நான் எனும் நீ’ என்ற கவிதைத் தொகுதியை 1999 இல் வெளியிட்ட அவர் அடுத்த ஆண்டு வான்விபத்தில் மறைந்தார். அத்தொகுதியின் கவிதைகள் தரத்தில் சமமானவை என்று கூற முடியாது. ஆயினும் ஓர் அரசியல் தலைவர் தம் காலத்தின் ஐயங்களைத் தம் சொந்தச் சொற்களில் பதிந்து வைத்தார் என்பதனால் அதற்கு நிலைத்த மதிப்பு உண்டு. 2008 இல் டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டத் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகமோ வேறு வகையான வாசிப்பைக் கோருகின்றது. கிழக்குக் கரையில் அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திச் செல்கின்றன. அலைதடுப்பு அணைகள் அந்நகர்வை மறித்தபோது துறைமுக வாயிலில் மணல் சேர்ந்தது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் கடல் நிலத்தை அரித்தது. வள்ளங்களும் தென்னந்தோட்டங்களும் வீட்டு வளவுகளும் பாதிப்புற்ற இவ்வரலாறு இதுவரை அறிக்கைகளாகவும் செய்திகளாகவும் சிதறிக் கிடக்கின்றது. மீனவரின் அனுபவத்தையும் பொறியியலாளரின் விளக்கத்தையும் இணைத்து எளிய தமிழில் எழுதப்பட்ட முழு நூல் ஒன்றே இவ்வாண்டு வாசிப்பு பெரிதும் விரும்பித் தேடியது. அதனை எழுதவேண்டியவர்கள் இப்பல்கலைக்கழகத்திலும் அதன் வாயிலுக்கு வெளியே உள்ள கரையிலும் இருக்கிறார்கள்.

கிடைக்காத நூல்களைப் பற்றிய பகுதியே எந்த வாசிப்புக் கணக்கிலும் நேர்மையை அளக்கும் பகுதி. மருதமுனையின் ஆசிரியர் மருதூர்க்கொத்தனின் சிறுகதைகளை 1985 ஆம் ஆண்டுப் பதிப்பில் தேடுவோரும், வாசகர் சங்கத்தின் முதற்பதிப்புகளைத் தேடுவோரும் கடைகளில் அவற்றைக் காணப்போவதில்லை. அவை தனிவீடுகளின் அலுமாரிகளில் உள்ளன. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அப்பேரிழப்பின் முன் நூல்களைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். எனினும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளோடு ஒரு தலைமுறையின் நூற்சேகரங்களும் கையெழுத்துப் படிகளும் கடலுக்குள் போயின என்பது உண்மை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், அதாவது அச்சு நூல்களைப் படமெடுத்து இணையத்தில் எவரும் இலவசமாக வாசிக்க வைக்கும் திட்டம், அதன்பின் இப்பகுதி வாசகருக்குப் பெரும் துணையாயிற்று. இவ்வாண்டு வாசிக்கப்பட்ட பழைய நூல்களுள் சிலவற்றைத் திரையில்தான் வாசிக்க முடிந்தது. அங்கும் இல்லாதவை இன்னும் உண்டு.

ஆகவே இவ்வுரையைக் கேட்போரிடமும் வாசிப்போரிடமும் இரு வேண்டுகோள்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் தாம் ஆண்டுதோறும் வாசித்த நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, நூல் கிடைத்த இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, விரும்பிய நூலை ஏன் விரும்பினார் என்று இரண்டு வரியாவது சேர்த்துவைக்க வேண்டும். அடுத்து, நீலாவணன், மருதூர்க்கொத்தன், வாசகர் சங்கம் ஆகியோரின் பழைய பதிப்புகளோ, இவ்வூர்களில் வெளியான சிற்றிதழ்களோ, பாட்டிமாரின் கவி எழுதிய கொப்பிகளோ எவர் வீட்டிலேனும் இருப்பின், அவர் அவற்றை அடுத்த மாரிக்கு முன் ஒலுவில் பல்கலைக்கழக நூலகத்திலோ எண்ணிம நூலகத்தாரிடமோ காட்டி, ஒரு படி எடுக்கவேனும் இசைய வேண்டும்.